தாகத்துக்குக் குடியுங்கள்



"டொக்டர், சனி ஞாயிறிலாவது நித்திரை கொள்ள மாட்டீரோ?" என்று கேட்கிறார்கள். சனி விடிய அரை மரதன், 21 கிலோமீற்றர். ஞாயிறு சைக்கிளில் 80. திங்கள் வார்ட்டில் படி இறங்கவே தொடை நோகும். அது உழைத்த நோ, போய்விடும்.

என் பயம் வேறு. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்திலிருந்தே "தண்ணீர் குடி, குடி" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 2002இல் பொஸ்டன் மரதன் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வியர்வையில் போனதைவிடக் கூடக் குடித்ததுதான் முக்கிய காரணம். நாலு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்து, ஆறுதலாக ஓடியவர்களுக்கே ஆபத்து அதிகம். எங்கள் வயதுக்காரர் பலர் அந்தக் கூட்டம்தான்!

சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கும். தலையிடி, சத்தி, தடுமாற்றம். களைப்பென்று நினைத்து இன்னொரு போத்தல் பருக்கினால் நிலைமை மோசமாகும்.

ஆகவே தாகத்துக்குக் குடியுங்கள். ஓட முன்னும் பின்னும் நிறை பாருங்கள். கூடியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள். கூட ஓடியவள் பேச்சுத் தடுமாறினால் வாயில் தண்ணீர் பருக்க வேண்டாம். உடம்பு கொதித்தால் மேலே ஊற்றுங்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், எவ்வளவு நேரம் ஓடினாள், எவ்வளவு குடித்தாள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.