தாழ்மையும் மனந்திரும்புதலும்

 

கிறித்தவ ஆன்மிக வாழ்வின் வாயிற்படிகள் தாழ்மையும் மனந்திரும்புதலும் என்பர். ஆயினும், தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்ட மக்களின் மன்றத்தில் 'தாழ்மை' என்னும் சொல்லை எச்சரிக்கையோடுதான் எடுத்தாள வேண்டும். தாழ்த்தப்படுதல் வேறு, தாழ்மை வேறு. முன்னது பிறர் நம்மேல் சுமத்துவது; பின்னது தன் மதிப்பை உணர்ந்தவன் தானே விரும்பி மேற்கொள்வது.

யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் மேலாடையைக் கழற்றி வைத்துத் தம் சீடரின் கால்களைக் கழுவுகிறார். கழுவியவர் அடிமையல்லர், ஆசான். தாம் ஆசான் என்பதை அவர் மறைக்கவுமில்லை. ஆகவே, தாழ்மை என்னும் கடமை உயர்ந்த இடத்தில் இருப்பவரிடமிருந்தே தொடங்குகிறது. செல்வம் பெருகும்போது பணிவும், அது சுருங்கும்போது நிமிர்வும் வேண்டும் என வள்ளுவரும் 'மானம்' அதிகாரத்தில் வகுத்தார் அன்றோ!

இனி மனந்திரும்புதலைக் காண்போம். இதற்குரிய கிரேக்கச் சொல்லாகிய 'மெட்டனோயா' மனமாற்றத்தைக் குறிக்கும். அம்மாற்றம் கண்ணீரோடு நின்றுவிடுவதன்று. எரிகோ நகரின் வரி வசூலிப்போர் தலைவன் சகேயுவைப் பாருங்கள். லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் அவன் தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், வஞ்சித்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் முன்வருகிறான். எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் கேட்பதோ முதலும் அதனோடு ஐந்தில் ஒரு பங்குமே. சட்டம் கேட்டதைவிட மனம் மிகுதியாகக் கொடுத்தது. அதுவே மனந்திரும்புதல்.

தமிழகத் திருச்சபைக்கும் இவ்வளவுகோல் உண்டு. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டொழிக்க ஆணையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் அதனை ஏற்காது சபையை விட்டே விலகினர். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் கிறித்தவர் திருச்சபைக்குள்ளும் பாகுபாட்டுக்கு ஆளாவதைத் தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளல் நற்றொடக்கம். ஆயினும் கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள் அறிக்கையால் இடிவதில்லை. சகேயுவைப்போல் திருப்பிக் கொடுத்தாலன்றித் திருப்பணி நிறைவுறாது.

இறுதியாக, இளைஞர்களுக்கு ஒன்று. கல்வியால் உயரும் ஒவ்வொரு படியிலும் நமக்குக் கீழே ஒருவர் நிற்பார். அவர் நம்மிலும் ஒடுக்கப்பட்ட அயல்தெருவினராகவோ, வீட்டில் படிப்பு மறுக்கப்பட்ட சகோதரியாகவோ இருக்கலாம். அவர்முன் குனிந்து கால் கழுவுவதே நம் தாழ்மை. நம்மை இழிவுசெய்வார்முன் நிமிர்ந்து நிற்பதோ அத்தாழ்மைக்கு மாறானதன்று. இவ்விரண்டையும் ஒருசேரக் கற்பிக்கும் பணியில் நம் கழகம் மேன்மேலும் வளர்க!