விருந்தும் விதியும்

காஞ்சியின் வீதிகளில் வெளிநாட்டாரைக் காணுந்தோறும் எனக்கு யுவான் சுவாங்கின் நினைவு எழும். ஏழாம் நூற்றாண்டில், சீன அரசின் அனுமதியின்றியே புறப்பட்டுப் பல்லவர் தலைநகரை அடைந்த யாத்திரிகர் அவர்.

இன்றோ, வெளிநாட்டாரில் பெரும்பாலோர்க்கு விசா வேண்டும். கைலாசநாதர் கோயிலைக் காண வருவோர்க்குச் சுற்றுலா விசா. பட்டுக் கொள்முதல் பேச வருவோர்க்கு வணிக விசா. 2017 முதல் பல நாட்டார் இவ்விரண்டையும் இணையவழியே பெறுகின்றனர்.

இரண்டும் ஒன்றல்ல. தமக்கென ஒரு சேலை வாங்குவது சுற்றுலாவில் அடங்கும். கடைக்கென நூறு சேலை பேசினால் அது வாணிபம். விதி தவறினால் வந்தவர் திருப்பியனுப்பப்படலாம். அவரை நம்பிய தறியும் ஓய்ந்துபோகலாம். ஆதலின், வருவோர்க்கு இவ்வேறுபாட்டை முன்கூட்டியே உணர்த்துவதும் விருந்தோம்பலே என்பேன்.