ஈமச் சங்கம் கல்விச்சாலை ஆன வரலாறு



வெள்ளி விழா மேடையில் சாவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நம் சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் சாவை ஒதுக்கிவிட்டு எழுத இயலாது. ஊரில் எவர் இறந்தாலும் இழவு சொல்ல ஓடியவர் நம் பாட்டனார். பறை அடித்தவரும், குழி வெட்டியவரும், சிதைக்கு விறகு அடுக்கியவரும் நம்மவரே. அதற்குக் கிடைத்தது கூலி அன்று. களத்துமேட்டில் அளந்து போட்ட தானியமே. ‘வர இயலாது’ என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. ஊராரையெல்லாம் அடக்கம் செய்த அவர் கண்மூடியபோதோ, அவருடைய பாடை பொதுப்பாதையிற் செல்லவும் இடமில்லை.

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அன்றைய வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்தில், பாதை மறிக்கப்பட்டதனால், நம்மவர் ஒருவரின் உடலைக் கயிறு கட்டிப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கீழே இறக்க நேர்ந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது.

இக்கொடுமையின் வேரை அண்ணல் அம்பேத்கர் நன்கு அறிந்திருந்தார். மராட்டிய நாட்டில் மகர் மக்கள் சாவுச்செய்தி சுமந்தனர். செத்த மாட்டையும் அகற்றினர். ‘வதன்’ என்னும் பரம்பரை மானியம் அவர்களை அவ்வேலையிற் கட்டிவைத்தது. அந்தக் கட்டை அறுக்க 1928இல் அண்ணல் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். கீழ்நிலை வதன்களை ஒழிக்கும் சட்டம் 1958இல் நிறைவேறியபோது அண்ணல் உயிரோடு இல்லை. சுடுகாட்டிலும் இடுகாட்டிலும் நம் உரிமையைத் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டின் தீண்டாமைச் சட்டமே கூறிவிட்டது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், நம்மவரைப் பிணம் சுமக்கச் செய்வதையும் குழி வெட்டச் செய்வதையும் தண்டனைக்குரிய குற்றம் ஆக்கியது. இளைஞர்கள் இதனை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இறந்தோரை அடக்கம் செய்யும் தொழிலே இழிவானதா? இவ்வினாவிற்கு விடை தேட உங்களைக் கடல் கடந்து அழைத்துச் செல்கிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் உயிரோடு இருந்தபோது மட்டுமன்றி, இறந்த பின்னும் ஒதுக்கி வைக்கப்பட்டனர். ஆகவே அவர்கள் தமக்கென ஈம நிலையங்களை நிறுவிக்கொண்டனர். அலபாமா மாநிலத்தில் ஃபேர்ஃபீல்டு என்பது ஓர் எஃகுத் தொழிற்சாலைச் சிற்றூர். நம் திருப்பூரில் எல்லார் வாழ்வும் பனியன் கம்பெனியைச் சுற்றி அமைந்ததுபோல, அங்கே எல்லார் வாழ்வும் ஆலையையும் சுரங்கத்தையும் சுற்றி அமைந்தது. அச்சுரங்கத்தில் உழைத்தவர் ஆர்தர் ஜார்ஜ் காஸ்டன். 1892இல் பிறந்தவர், பத்தாம் வகுப்புக்கு மேற் படிக்காதவர். சக தொழிலாளி இறந்தால் அவர் குடும்பத்தார் அடக்கச் செலவுக்குக் கையேந்தி நிற்பதை அவர் கண்டார். 1923இல் ஓர் ஈமச் சங்கம் தொடங்கினார். உறுப்பினர் சிறு தொகை செலுத்திவர வேண்டும். இறந்தால் சங்கம் மரியாதையாக அடக்கம் செய்யும். கல்வித் தொண்டர் புக்கர் டி. வாஷிங்டனின் பெயரை அச்சங்கத்திற்குச் சூட்டினார். தம் மாமனாரோடு சேர்ந்து ஈம நிலையமும் நடத்தினார். 1932இல் அச்சங்கம் காப்பீட்டுக் கம்பெனியாகப் பதிவு பெற்றது.

இனித்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி வருகிறது. கணக்கு எழுதவும் தட்டெழுதவும் பயின்ற கறுப்பின இளைஞர் கிடைக்கவில்லை. காஸ்டன் 1939இல் ஒரு வணிகக் கல்லூரியையே திறந்தார். 1954இல் பர்மிங்ஹாம் நகரில் ஒரு விடுதி கட்டினார். 1957இல் வீட்டுக்கடன் வழங்கும் சேமிப்பு நிறுவனம் கண்டார். 1963இல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் அறப்போரை நடத்தியது அவ்விடுதியில் தங்கித்தான். அவ்வாண்டு மே மாதத்தில் விடுதியின்மீது வெடிகுண்டு வீசினர். காஸ்டன் மிகையான நிதானம் காட்டுகிறார் என்று போராட்டக்காரர் சிலர் அவரைக் கடுமையாகச் சாடியதும் உண்டு. ஆயினும் அவர் கட்டிய கூரை அவர்களுக்கும் நிழல் தந்தது. 1987இல் தம் காப்பீட்டுக் கம்பெனியை அதன் ஊழியர்களுக்கே விற்றுவிட்டு, 1996இல் தம் 103ஆம் வயதில் அவர் மறைந்தார்.

வேறு ஊர்களிலும் இதுவே நிகழ்ந்தது. 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். சிகாகோவின் ரேனர் ஈம நிலையம், தாயின் விருப்பப்படி பெட்டியைத் திறந்து வைத்தது; சிதைந்த முகத்தை உலகம் கண்டு நடுங்கியது. 1968இல் மெம்பிஸ் நகருக்குச் சென்ற கிங்குக்குக் காரும் ஓட்டுநரும் கொடுத்து உதவியது லூயிஸ் ஈம நிலையம். சுடப்பட்டு மாண்ட அவர் உடலை ஒப்பனை செய்ததும் அதே நிலையந்தான். அவர்களுக்கு அத்துணிவு எங்கிருந்து வந்தது? அவர்கள் வாடிக்கையாளர் அனைவரும் தம் மக்களே. வேலையைப் பறிக்கும் முதலாளி எவரும் அவர்கள் தலைக்குமேல் இல்லை.

நம் பாட்டனார் செய்ததும் ஈமப்பணிதான். காஸ்டன் செய்ததும் ஈமப்பணிதான். ஆனால் நம் பாட்டனாரைப் பிறப்பு அவ்வேலைக்கு இழுத்துச் சென்றது. காஸ்டன் அதனைத் தாமே தேர்ந்தெடுத்தார். கணக்குப் புத்தகத்தைத் தம் கையில் வைத்திருந்தார். இழிவு தொழிலில் இல்லை, கட்டாயத்தில் இருக்கிறது.

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். குடும்பத் தலைவர் இறந்தால் பந்தலுக்கும் வண்டிக்கும் கருமாதிக்கும் வட்டிக்கு வாங்குகிறோம். அந்த வட்டி சனிக்கிழமைச் சம்பளத்தை விழுங்குகிறது. அடுத்த திங்கட்கிழமை, வகுப்பில் அமர வேண்டிய பிள்ளை பவர்டேபிள் அருகே கைமடிக்க நிற்கிறான். வருகைப் பதிவேட்டில் அப்பெயரை அடிக்கும் வேளையில், சாவு ஒருவரை அன்று, இருவரைக் கொண்டுபோயிற்று என்று ஆசிரியர் உணர்கிறார்.

ஆதலால் இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கம் ஓர் ஈம உதவி நிதி தொடங்க வேண்டுமென வேண்டுகிறேன். 200 குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் செலுத்தினால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் சேரும். எட்டு இழவுக்குத் தலா 10,000 ரூபாய் கொடுத்தாலும் 40,000 ரூபாய் மிஞ்சும். அந்த மிச்சம் தந்தையை இழந்த பிள்ளைகளின் படிப்புக்கே செல்லட்டும். வரவு செலவை மாதந்தோறும் பலகையில் எழுதிப் போடுங்கள். ஐயம் புகுந்த சங்கம் நிலைக்காது. பெண்களும் பொறுப்பாளராக இருக்கட்டும்; வீட்டில் கடன்காரனுக்கு விடை சொல்பவர் அவர்களே அல்லவா?

கருமாதிச் செலவைக் குறைப்பதற்கும் பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும். இறந்தவர்க்கு நாம் செய்யும் முதற்கடன், அவர் விட்டுச்சென்ற பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைப்பதே.