தோட்டத்து வாசலில் நிற்கும் ஜனநாயகம்

(பந்திங் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



"வளரும் நாட்டுக்கு ஜனநாயகம் ஓர் ஆடம்பரம். முதலில் தொழில் பெருகட்டும், வயிறு நிறைந்த பிறகு உரிமை பேசலாம்" என்று சொல்லும் அறிவாளிகள் எல்லா நாட்டிலும் உண்டு. இதற்குப் பதில் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துக் கிள்ளானின் வரலாறே போதும்.

வாக்குரிமை இல்லாத காலத்திலும் மலாயா வளர்ந்தது. காடு ரப்பர்த் தோட்டமாயிற்று. ரயில் வந்தது, துறைமுகம் வந்தது, லண்டன் பங்குதாரர்களுக்கு லாபம் போயிற்று. ஆனால் விடியுமுன் பிரட்டுக்கு நின்று பால்மரம் வெட்டியவனுடைய நாட்கூலி, 1941-ம் ஆண்டிலும் 50 காசு அளவில்தான் நின்றது.

அந்த ஆண்டில்தான் கிள்ளான் மாவட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியைத் தங்களுக்கும் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும். பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிப் போகலாம் என்ற அனுமதியையும் கேட்டார்கள்! நானும் ஒரு கிராணி. கொடுமை செய்யும் கிராணிகளையும் கங்காணிகளையும் நீக்கு என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன்.

முடிவு என்ன? கூலியில் சில காசு கூட்டித்தர முதலாளிகள் இசைந்தார்கள். வாய் திறக்கும் உரிமைக்கு மட்டும் இசையவில்லை. மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை பிறந்தது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள்.

தோழர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். சைக்கிளில் ஏறிப்போக அனுமதிப்பதால் கம்பெனிக்கு ஒரு காசாவது செலவுண்டா? பணம் இல்லாமலா அதை மறுத்தார்கள்? நாட்டில் வளர்ச்சி இருந்தது. அந்த வளர்ச்சியைப் பங்கு கேட்கும் குரல்தான் இல்லை.

1954-ல் சிதறிக் கிடந்த சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. 1957-ல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமை பெற்றவர்கள் வாக்குப் போட்டார்கள். ஆயினும் ஜனநாயகம் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது. தோட்டம் தனியார் சொத்து என்றார்கள். ஆகவே கம்பங்களுக்குச் சென்ற தார்ச்சாலையும் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் பல லயங்களுக்கு வரப் பல்லாண்டுகள் ஆயின.

அப்படியானால் வாக்கால் பயனில்லையா? உண்டு. 2008-ம் ஆண்டுத் தேர்தலில் ஆளும் கூட்டணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பலத்தை இழந்தது. 2011-ல் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் நிறைவேறியது. 2013-ல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளியாயிற்று. 2025-ல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. நெடுங்காலம் சங்கங்கள் கேட்டது, ஆட்சியாளர் வாக்குக்கு அஞ்சிய காலத்தில்தான் கைகூடியது என்பது என் கருத்து.

"தென்கொரியா ராணுவ ஆட்சியில் வளரவில்லையா?" என்று கேட்பார்கள். வளர்ந்தது. ஆனால் அங்கும் 1987-ல் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் எழுந்த பிறகே சங்கமும் சம்பளமும் ஓங்கின. வாக்குப் பெட்டி ஒன்றே சோறு போடும் என்று நான் சொல்லவில்லை. இந்தியா 1952 முதல் வாக்களித்து வந்தும் வறுமை எளிதில் ஒழியவில்லை. சோறு எங்கே போகிறது என்று கேட்க வாக்கும் வேண்டும், வேலைத்தளத்தில் சங்கமும் வேண்டும்.

நமக்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. ஊராட்சித் தேர்தல்கள் 1965-ல் நிறுத்தப்பட்டன. 1976-ம் ஆண்டுச் சட்டம் அவற்றை அறவே எடுத்துவிட்டது. நம் தெருவிளக்கையும் சாக்கடையையும் கவனிக்கும் கோலலங்காட் நகராண்மைக் கழக உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்களே. அந்த வாக்கை நாம் திரும்பக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, இன்று நம் பக்கத்து நிரையில் நிற்கும் வங்காளதேசத் தொழிலாளியும் இந்தோனேசியத் தொழிலாளியும். அவர்களுக்கு இங்கே வாக்கில்லை. 1941-ல் நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். "வந்தவன் நம் கூலியைக் குறைக்கிறான்" என்று முணுமுணுப்பவர்கள் நம்மிடையே உண்டு. குரலற்றவன் ஒருவன் இருக்கும்வரை அவனைக் காட்டி எல்லார் கூலியையும் குறைக்க முடியும் அன்றோ? சங்கத்தில் அவர்கள் உறுப்பினராகச் சட்டம் இடம் தருகிறது. நாளைக் காலைப் பிரட்டிலேயே அவர்களிடம் சங்கத்தைப் பற்றிப் பேசுங்கள். உறுப்பினர் பாரத்தைக் கையோடு கொண்டு போங்கள்.