சனி ஞாயிறு கற்பித்த மொழி

பிறமொழி ஒன்றைக் கற்க விழைவோர் இலக்கண நூலையும் அகராதியையும் துணைக்கொள்வது பழைய வழக்கம். அம்மொழி வழங்கும் நாட்டிற்கே சென்று, அந்நாட்டார் இல்லமொன்றில் தங்கியிருந்து கற்பது இக்காலத்து வழக்கம். ஆயினும், கடல் கடந்து சென்ற மாத்திரத்தில் மொழி நாவில் வந்து அமர்ந்துவிடுவதில்லை. இவ்வுண்மையை, ஸ்பானிய மொழி கற்கக் கொஸ்தாரிக்காவிற்குச் சென்ற வட அமெரிக்க மாணவி ஒருத்தியின் வார விடுமுறைகளைக் கொண்டு விளக்கலாம்.

கொஸ்தாரிக்கா மத்திய அமெரிக்காவில் இரு பெருங்கடல்களுக்கு நடுவே கிடக்கும் நாடு. பரப்பில் இலங்கையினும் சிறியது. 1948 ஆம் ஆண்டில் தன் படையைக் கலைத்து, அடுத்த ஆண்டில் அதனை அரசியலமைப்பிலும் எழுதிவைத்த பெருமை அதற்குண்டு. நிலத்தில் ஏறத்தாழக் காற்பங்கு காடாகவும் பூங்காவாகவும் காக்கப்படுகின்றது. எரிமலை, மழைக்காடு, இரு கடற்கரைகள் ஆகிய யாவும் தலைநகரான சான் ஹொசேயிலிருந்து ஒரு பகற்பொழுதிற்குள் சென்றடையத்தக்கவை. ஆகவே, அங்கே மொழி பயிலவரும் மாணவர்க்கு வெள்ளி மாலை வந்ததும் கால் நிலத்திற் பாவுவதில்லை.

அம்மாணவி ஓகஸ்ட் மாதத்தில் எரேதியா நகரை அடைந்தாள். மூப்பெய்திய அம்மையார் ஒருவரின் இல்லத்தில் அவளுக்கு அறை கிடைத்தது. முதல் நாளே ஒரு வியப்பு. அவள் படித்த நூலில், நண்பரையும் வீட்டாரையும் 'தூ' என அழைத்தல் வேண்டும், அயலாரையும் மூத்தோரையும் 'உஸ்தெத்' என அழைத்தல் வேண்டும் என்றிருந்தது. அம்மையாரோ பெற்ற பிள்ளைகளையும், பேரனையும், வாயிலிற் படுத்திருந்த நாயையுங்கூட 'உஸ்தெத்' என்றே அழைத்தார். இடையிடையே 'வோஸ்' என்ற மூன்றாவது சொல்லும் தெருவிற் கேட்டது. நீ, நீர், நீங்கள் என மூன்றையும் இடமறிந்து வழங்கும் நம்மவர்க்கு இது வியப்பன்று. 'யூ' என்ற ஒரே சொல்லுடன் வளர்ந்தவளுக்கோ பெருஞ்சிக்கலாயிற்று.

முதல் ஆறு வாரமும் அவள் தன் நாட்டுத் தோழர் எண்மருடன் ஊர் சுற்றினாள். ஏறத்தாழ 8,900 அடி உயர்ந்த போவாஸ் எரிமலைக்குச் சென்றனர். ஒரு மைலுக்குச் சற்றே குறைந்த அகலமுள்ள அதன் வாயினுள்ளே கடும் அமிலநீர் ஏரியொன்று உண்டு. காலையில் நேரத்தோடு செல்லாவிடின் முகில் வந்து மூடிவிடும். அவர்கள் நண்பகலிற் சென்றார்கள். கந்தக நெடியும் வெண்முகிலுமே கிட்டின. 'விடியற்காலையில் வாருங்கள்' என்று முந்திய நாளே பஸ் வண்டியில் ஒருவர் கூறியிருந்தார். அது அவர்களுள் எவருக்கும் விளங்கவில்லை. வழி நெடுக அவர்கள் பேசியது ஆங்கிலமே. பருவ நடுத் தேர்வில் அவள் தவறினாள்.

அன்றிரவு அம்மையார் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கோப்பியை வார்த்து முன்னே வைத்துவிட்டு, "மகளே, நீங்கள் எங்கள் நாட்டைப் பார்த்துவிட்டு வருகின்றீர்கள், எங்களோடு பேசிவிட்டு வருவதில்லையே" என்றார். தேர்வுத்தாளின் சிவப்பு மையினும் அச்சொல் அவளை உறுத்தியது. அதன்பின் அவள் தனியாகவே புறப்பட்டாள்.

ஒக்டோபரில் கரிபியன் கரையிலுள்ள தோர்த்துகேரோவிற்குச் சென்றாள். அவ்வூருக்குத் தரைவழி இல்லை. கால்வாய்களின் வழியே படகிற் செல்லல் வேண்டும். 'தோர்த்துகா' என்றால் ஆமை. ஜூலை முதல் ஒக்டோபர் வரை பச்சைக் கடலாமைகள் அங்கே முட்டையிட வருகின்றன. முன்னாளில் அவற்றை இறைச்சிக்காகப் பிடிப்பது கரையோர மக்களின் பிழைப்பாயிருந்தது. ஆர்ச்சி கார் என்னும் அறிஞர் 1950 ஆம் ஆண்டுகளில் அங்கே ஆய்வைத் தொடங்கினார். 1975 ஆம் ஆண்டில் அவ்விடம் சட்டப்படி தேசியப் பூங்காவாயிற்று. இன்று அவ்வூர் மக்களே வழிகாட்டிகள். வெண்விளக்கும் ஒளிப்படக் கருவியும் இரவிற் கூடா. ஆமை பின்துடுப்புக்களாற் குழி தோண்டி, நூறு முட்டை வரை இட்டு, மணலால் மூடிக் கடலுக்குத் திரும்பும்வரை, வழிகாட்டி அவள் காதருகே சிறு சிறு வாக்கியங்களாக யாவற்றையும் கூறினார். இருளிற் கையால் சைகை காட்டவும் இயலாது, செவியொன்றே துணை. அவ்விரவு ஸ்பானியம் அவளுக்கு முதன்முறையாக மொழிபெயர்ப்பின்றி விளங்கிற்று.

நவம்பரில் மொந்தெவெர்தே மலைக்குச் சென்றாள். இராணுவ சேவையை மறுத்த குவேக்கர் சமயத்தார் சிலர், படையில்லாத நாடென்று தேடி, 1951 ஆம் ஆண்டளவில் அலபாமாவிலிருந்து வந்து குடியேறிய இடம் அது. நீரூற்றுக்களைக் காப்பதற்காகத் தம் நிலத்தில் ஒரு பகுதியை அவர்கள் வெட்டாது விட்டனர். அக்காட்டையொட்டி 1972 இல் புகழ்பெற்ற முகிற்காட்டு ஒதுக்கிடம் அமைந்தது.

ஸ்பானிய மொழியில் இறந்தகாலம் இருவகை. ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததற்கு ஒன்று. நெடுநாள் வழக்கமாக இருந்துவந்ததற்கு மற்றொன்று. இவ்வேறுபாட்டிலேதான் அவள் தேர்வில் தவறியிருந்தாள். வழிகாட்டிப் பலகையொன்றிற் பொன்னிறத் தேரைப் படத்தைக் கண்டு, "ஆய்?" என வினவினாள், 'இங்கே உண்டா?' என்பது பொருள். வழிகாட்டி ஒரு சொல்லில் விடையளித்தார்: "அபியா." இருந்துவந்தன என்பது அதன் பொருள்.

பின்னர் அவர் விரித்துரைத்தார். 1966 ஆம் ஆண்டில் அறிவியலார் பெயரிட்ட அத்தேரை உலகில் வேறெங்கும் இருந்ததில்லை. ஆண்டுதோறும் மழை தொடங்குங்கால் சில நாள்கள் மட்டும் அவை மரவேரடிக் குட்டைகளிற் கூடும். 1987 இல் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் காணப்பட்டன. அடுத்த ஆண்டு விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1989 மே மாதத்தில் ஒன்றே ஒன்று. அதன்பின் எவரும் காணவில்லை. 2004 இல் அவ்வினம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. தோலைப் பற்றும் பூஞ்சண நோயும் வறண்ட பருவமும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. காட்டைக் காத்தும் தேரையைக் காக்க இயலவில்லை.

ஞாயிறு இரவு வீடு திரும்பியவளை, "என்ன கண்டீர்கள், மகளே?" என அம்மையார் வினவினார். உள்ளவற்றை நிகழ்காலத்திலும், இருந்துவந்தவற்றை அதற்குரிய இறந்தகாலத்திலும் வைத்து அவள் சொல்லி முடிப்பதற்குள் கோப்பி ஆறிவிட்டது. அம்மையார் ஒரு பிழையையேனும் திருத்தவில்லை. வேறு கோப்பி வார்த்துக் கொடுத்தார்.

இலக்கணம் ஏட்டில் இருக்கும்வரை விதியாகவே இருக்கும். உலகின் உண்மையொன்றைச் சொல்லவேண்டிய தேவை எழும்பொழுதே அது மொழியாகின்றது. பிறநாடு சென்று பயில்வோர் தம் விடுமுறையை எவ்வாறு கழித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை.