பச்சிளங் குழந்தையின் கழுத்துக் கட்டி

"கட்டி" என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு நடுங்குகிறது. அந்நடுக்கம் எப்போதும் தேவையன்று என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்க விரும்புகிறேன்.

மருத்துவனாகிய என்னிடம் ஓர் இளந்தாய் தன் மூன்று வாரக் குழந்தையைக் கொண்டுவந்தாள். கழுத்தின் வலப்புறத்தில் நெல்லிக்காயளவு கெட்டியான திரட்சி. தலை வலப்பக்கம் சாய்ந்து, முகவாய் இடப்பக்கம் திரும்பியிருந்தது. "தூக்கத் தெரியாமல் தூக்கி, பிள்ளைக்கு உரம் விழச் செய்துவிட்டாள்" என்று உடன்வந்த மாமியார் கடிந்துகொண்டார். தாயோ வாய் திறவாது கண்ணீர் வடித்தாள்.

நீங்கள் முகத்தை இடப்புறம் திருப்பி, கழுத்தின் வலப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். காதின் பின்னிருந்து மார்பெலும்பை நோக்கி ஒரு தசை கயிறுபோல் புடைத்து நிற்கும். அத்தசையிலேதான் இத்திரட்சி தோன்றுகிறது. அது சீழுமன்று, புற்றுமன்று, வெறும் நார்த்திசுவே. கருப்பையில் கழுத்து நெருக்குண்டதாலோ, பிறப்பின்போது தசை அழுந்தியதாலோ இது உண்டாகலாம் என்பர். பிட்டம் முன்வந்து பிறக்கும் குழந்தைகளிடம் இது மிகுதி. பெரும்பாலும் பிறந்து 2 முதல் 4 வாரங்களுக்குள் கண்ணில் படும். ஆகவே, தாய் தூக்கிய விதம் இதற்குக் காரணமன்று. இதை நான் கூறியதும் மாமியார் மௌனமானார்.

கேளா ஒலி அலைகளால் படமெடுத்து ஐயம் நீங்கினோம். கத்திக்கு வேலையில்லை. முகவாயை வலத்தோள் பக்கம் மெல்லத் திருப்பவும், தலையை இடப்பக்கம் சாய்க்கவும் இருவருக்கும் கற்பித்தேன். வலப்புறம் நின்று குழந்தையை அழைக்கச் சொன்னேன். உரம் எடுப்பதாகச் சேலையிலிட்டு உருட்டுவதும், அழுத்தித் தேய்ப்பதும் கூடாவென எச்சரித்தேன்.

இத்திரட்சி பெரும்பாலும் சில மாதங்களில் தானே கரையும். ஆனால் பயிற்சியைக் கைவிட்டால் தசை குறுகிக் கழுத்து கோணலாகலாம்; முகமும் ஒருபுறம் ஒடுங்கலாம். ஒரு சிலருக்கே பின்னர் அறுவை வேண்டியிருக்கும்.

கழுத்தில் தோன்றும் வீக்கமெல்லாம் இதுவே என்று எண்ணிவிடாதீர்கள். சிவப்பு, காய்ச்சல், விரைந்த வளர்ச்சி, மூச்சுத் திணறல் இவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவரை நாடவேண்டும். தீங்கற்றது எது என்று தேர்ந்து சொல்வது அவர் கடமை.

ஆறாம் மாதத்தில் அக்குழந்தையை மீண்டும் கண்டேன். திரட்சி மறைந்திருந்தது. நாள்தோறும் பயிற்சியைத் தவறாது செய்வித்தவர் தன் மாமியாரே என்று தாய் முகமலர்ந்து கூறினாள். பழி சொன்ன வாயை அடக்கியது வாதமன்று. காரணத்தை அறிந்த தெளிவே.