வீட்டுக்கு வரும் கண்ணாடி இழைத் தொலைபேசி

(ஒட்டன்சத்திரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறிகள் கேரளம் வரை செல்கின்றன. அன்றைய விலை தெரியாமல் மூட்டையை வண்டியில் ஏற்றுவது எத்துணை நஷ்டம் என்பதை நாம் நன்கு அறிவோம். ஆகவே செய்தி விரைந்து வருவது நமக்கு ஆடம்பரமன்று, அவசியமாகும்.

சென்னையில் 1882-ஆம் ஆண்டில் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. அக்காலந்தொட்டு நெடுங்காலம் குரலைச் சுமந்தது உலோகக் கம்பியே. இப்போது அவ்விடத்திற்குக் கண்ணாடி இழை வந்துள்ளது. கிராமங்களுக்கு இவ்விழையைக் கொண்டு செல்லும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. நம் மாநிலத்தில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணிக்கென 2018-இல் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது.

இவ்விழையில் ஓடுவது மின்சாரம் அன்று, ஒளியாகும். வீட்டில் பொருத்தப்படும் சிறு பெட்டி அவ்வொளியை மின்குறிகளாக மாற்றுகிறது. இணையமும் தொலைபேசியும் இந்த ஒரே பெட்டியிலிருந்தே கிடைக்கின்றன. தொலைபேசியின் கம்பியைப் பழைய சுவர்த் துளையில் செருகினால் மணி ஒலிக்காது. பெட்டியில் அதற்கென உள்ள துளையிலேயே செருக வேண்டும்.

பெட்டியை இரும்பு பீரோவின் பின்னால் மறைத்து வைத்தலாகாது. வீட்டின் நடுவே, சற்று உயரமான இடத்தில் வைத்தால் கம்பியில்லா இணையம் எல்லா அறைகளுக்கும் நன்கு எட்டும். இழையை மடித்தலும், ஆணியடித்து நசுக்குதலும் கூடா. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் இழையில் பழுது என்று பொருள். நாமே பிரித்துப் பார்க்காமல் பணியாளரை அழைப்பதே நன்று. இழைமுனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் ஒருபோதும் ஆகாது. அதில் ஓடும் ஒளி கண்ணுக்குப் புலனாகாது, ஆயினும் தீங்கு செய்யக்கூடும்.

இனி, முக்கியமான ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்து மின்கலங்களிலிருந்து அதே கம்பி வழியே வந்தது. ஊரே இருண்டிருந்தாலும் அது பேசியது. புதிய தொலைபேசி அவ்வாறன்று. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டு வராது. வீட்டில் மின்சாரம் நின்றால் பெட்டியும் நிற்கும், தொலைபேசியும் ஊமையாகும். மழையும் காற்றுமாக உள்ள இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக 108-ஐ அழைக்க வேண்டிய வேளையில்தான் மின்சாரமும் நிற்கக்கூடும் அல்லவா?

இதற்குப் பரிகாரம் எளிது. பெட்டியில் குறித்துள்ள வோல்ட் அளவுக்குப் பொருத்தமான சிறு மின்கலச் சாதனம் ஒன்றை இணைத்துவிட்டால் சில மணி நேரம் தாங்கும். வீட்டில் இன்வர்ட்டர் இருப்பின் அதனுடன் இணைக்கலாம். மின்சாரத்தை நிறுத்தித் தொலைபேசி பேசுகிறதா என்று மாதம் ஒருமுறை சோதித்தல் நலம். கைபேசி ஒன்றையும் மின்னேற்றி வைத்திருப்பது நல்லது.

ஊராட்சி அலுவலகத்திலும் துணைச் சுகாதார நிலையத்திலும் இந்த ஏற்பாடு உண்டா என்று உறுப்பினர்கள் நேரில் சென்று பார்த்து, இல்லையேல் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டுகிறோம். ஒளி வழியே வரும் தொலைபேசி இருளிலும் நமக்குத் துணையாக நிற்கட்டும்.